நார்மல் எண் பதினான்கு

ஜூன் 5, திங்கள்

காலையில் எதுவும் சாப்பிடவில்லை. பஸ் ஏறும் நாளில் சாப்பிடுவதில்லை. அது என் பழக்கம், அதற்கு நோய் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. கிணத்துக்கடவிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு நாற்பது நிமிஷம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க், அதைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்து வாட்ச்மேன் நல்லவர், கேள்வி கேட்காமல் கக்கூஸ் சாவி கொடுப்பார். இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது ஒரு சாமர்த்தியம், அவ்வளவுதான்.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் வரதன் இன்று எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். பித்த அமில ஆராய்ச்சிக்கு அனுமதி வந்துவிட்டது. நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு வருகிற நாற்பது நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க இருபது நல்ல ஆட்கள். மலத்தில் பித்த அமிலம் எவ்வளவு போகிறது, குடல் சுவர் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். அமிலம் அதிகம் போகிறவர்களுக்கு அதைப் பிடித்து வைக்கிற ஒரு பவுடர் கொடுப்போம். அதிகம் போகாதவர்களுக்கு நோய் வேறு ஏதோ என்று அர்த்தம். அவர்களை வயிற்று டாக்டரிடம் திருப்பி அனுப்பி, குழாய் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"நல்ல ஆள் இருபது பேருக்கு எங்க போவது சார்?" என்று ஜெரோம் கேட்டார். நாகர்கோவில்காரர், இதை வைத்துத்தான் பிஎச்.டி. வாங்கப் போகிறார். "வாணி இருக்காங்களே, அப்புறம் என்ன" என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

பதினைந்து வருஷமாக இந்த லேபில் எந்தப் புது கிட் வந்தாலும் முதலில் கை நீட்டுகிறவள் நான். சர்க்கரை, தைராய்டு, இரும்புச் சத்து, எதைப் பார்த்தாலும் என் ரத்தம் சரியாக நடுவில் வந்து நிற்கும். "வாணிக்கு நார்மல் வரலைன்னா கோளாறு கிட்டுலதான்" என்று டாக்டர் வெளியாட்களிடம்கூடச் சொல்வார். எனக்கு யாரும் மெடல் கொடுத்ததில்லை. இந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

படிவம் நிரப்பினேன். என் எண் என்-14. எண்ணுக்கு யார் என்பது என் அலமாரியில் பூட்டியிருக்கும் ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

வயது நாற்பத்து நான்கு. கடந்த ஐந்து ஆண்டுகளில் வயிற்றில் அறுவை சிகிச்சை, இல்லை. பித்தப்பையை எடுத்து ஆறு வருஷம் முடிந்துவிட்டது, ஆகவே அது பொய் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிப்பீர்கள், 1.

எங்கள் துறையில் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு முறை உண்டு. ஒருவர் உரக்க வாசிப்பார், ஒருவர் டைப் அடிப்பார். தப்பு வரக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். வாசிப்பது நான், அடிப்பது ஜெரோம். பக்கத்து மேஜையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து "ஏழு" என்று நான் எப்படி வாசிப்பது? பெயர் இல்லாவிட்டாலும் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும். அதுவும் இரண்டு தடவை.

மேலும், டாக்டர்கள் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரைப் பார்த்தாயிற்று. கடைசி ஆள், "நெர்வஸா இருக்கீங்க, மனசை லேசா வச்சுக்கோங்க" என்று சொல்லி தூக்க மாத்திரை எழுதினார். வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். "எங்கூட்டுக்குப் போறதுன்னாத்தான் உனக்கு வயிறு கலக்குது, உங்கூட்டுக்குப் போறப்ப ஒண்ணும் காணோம்." அங்கே போகும்போதும் கலக்கும். முதல் நாளே பட்டினி கிடப்பேன், அது அவருக்குத் தெரியாது.

ஜூன் 20, செவ்வாய்

இரண்டு நாள் சாம்பிளை முழுசாகச் சேர்த்து ஐஸ் பெட்டியில் வைத்து, டிபன் பையில் மறைத்து பஸ்ஸில் கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா "என்னங்க, மீனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்று வந்த நோயாளி பி-22. பெயர் அம்சவேணி, வயது முப்பத்தாறு, பொள்ளாச்சி பக்கம் தேங்காய் நார் மில்லில் வேலை. ஐந்து மாதமாக வயிறு போகிறது, ஆறு கிலோ இறங்கிவிட்டாள். கேள்விப் படிவம் முடிய அரை மணி நேரம் ஆனது. போகும்போது, "அக்கா, இதுல கண்டுபிடிச்சிருவாங்களா?" என்று கேட்டாள். "இதுக்குன்னேதான் இந்த டெஸ்ட்டு" என்றேன்.

அவள் டப்பாவும் என் டப்பாவும் ஒரே ராக்கில் அடுத்தடுத்து உட்கார்ந்தன. வெளியூர் லேபுக்குப் பார்சல் கட்டினேன். குடல் ஒழுகுகிறதா என்று பார்க்கிற சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட் வியாழக்கிழமை, அது இங்கேயே நடக்கும். இரண்டு விதமான சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். ஒன்று நல்ல குடலைத் தாண்டாது. தாண்டி சிறுநீரில் வந்தால் சுவரில் ஓட்டை.

ஜூலை 3, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. பத்தொன்பது நார்மல்கள் ஒழுங்காக ஒரு மூலையில் கூடியிருக்கிறார்கள். என்-14 மட்டும் அவர்களைவிட நாலு மடங்கு மேலே போய் நிற்கிறது.

மெஷின் கோளாறாக இருக்கும்.

ஜூலை 4, செவ்வாய்

மெஷின் கோளாறு இல்லையாம். ஜெரோம் அந்த லேபுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டார்.

டாக்டர் வரைபடத்தைத் திரையில் போட்டு, என்-14 மேல் பேனாவால் தட்டினார். பக்கத்தில் பி-22. எல்லா நோயாளிகளும் மேலே அல்லது நடுவில் இருக்க, அவள் நார்மல்களைவிடக் கீழே இருக்கிறாள். "ஒரே நாள், ஒரே ராக், அடுத்தடுத்த டப்பா. லேபிள் மாறியிருக்கு, வேற என்ன?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்-14 யாரு?"

"கேன்டீன்ல இருந்த ஒருத்தங்க சார். இப்ப வேலையை விட்டுப் போயிட்டாங்க."

இது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஒரு நொடி யோசித்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

"அந்தம்மாவுக்கு இவ்வளவு போகணும்னா தினம் பத்து தடவை ஓடணும். படிவத்துல ஒண்ணுன்னு இருக்கு. லேபிள் மாறினதுதான்" என்றார் டாக்டர். ஜெரோம் மட்டும், "சார், என்-14-க்கு சர்க்கரை டெஸ்ட்லயும் ஒழுகுது. அது வேற நாள், வேற ராக்" என்றார். டாக்டர், "அது பார்டர்லைன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். திரும்ப எடுத்துப் பார்க்கலாமே என்றார் ஜெரோம். அடுத்த பார்சல் சேர்ந்து போய் வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் பாதி பேர் பவுடர் முடித்துவிடுவார்கள் என்றார் டாக்டர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கை தவறி மாறியிருக்கலாம் சார்" என்றேன்.

பதினைந்து வருஷத்தில் ஒரு லேபிளை நான் மாற்றி ஒட்டியதில்லை. செய்யாத தப்புக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பெருந்தன்மையாக, "யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். பெருந்தன்மை காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது என்-14 நார்மல். பி-22-க்குப் பித்த அமிலம் அதிகம்.

ஜூலை 6, வியாழன்

ஜெரோம் தன் ஆராய்ச்சியின் முதல் அத்தியாயத்தைப் பிழை பார்க்கக் கொடுத்தார். என் ஆங்கிலம் அவருடையதைவிடச் சுமார்தான், ஆனால் நான் எழுத்து எழுத்தாகப் படிப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

கல்லீரல் பித்தத்தைச் செய்கிறது. பித்தப்பை அதைத் தேக்கி வைத்து, சாப்பிட்டதும் திறந்துவிடுகிறது. கொழுப்பைக் கரைப்பது அதன் வேலை. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கு அனுப்பிவிடுகிறது. ஐந்து சதவீதம்தான் பெருங்குடலுக்குப் போகும். அங்கிருக்கும் கிருமிகள் அதை வேறு அமிலமாக மாற்றும். அளவாக இருந்தால் அது குடல் சுவருக்கு நல்லது. அளவு மீறினால் சுவரின் தையல் விட்டுப்போகும், தண்ணீர் கொட்டும், கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். பித்தம் சோப்பு மாதிரி. பாத்திரத்தை விளக்கும், நாள் முழுக்கக் கையை நனைத்துக்கொண்டிருந்தால் கையையும் உரித்துவிடும்.

பிறகு இந்த வரி. பித்தப்பை எடுத்தவர்களில் சிலருக்குத் தேக்க இடம் இல்லாததால் பித்தம் நாள் முழுக்க ஒழுகும். பலருக்கு இது வருஷக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது, மனநிலைக் கோளாறு என்று சொல்லப்படுகிறது. பவுடர் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்தில் தெரியும்.

ஆறு வருஷம். எத்தனை கல்யாணம், எத்தனை சாவு வீடு, மகனின் பட்டமளிப்பு விழா. எல்லாவற்றிலும் நான் கக்கூஸ் எங்கே என்று பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றேன். இதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்டை என் கையால் அறுபது பேருக்குச் செய்தேன். எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அத்தியாயத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஜூலை 10, திங்கள்

அம்சவேணிக்குப் பவுடர் பாக்கெட் பதினான்கு கொடுத்தேன். தினம் இரண்டு. திங்கட்கிழமை தோறும் வந்து எடை பார்க்க வேண்டும், மிச்சப் பாக்கெட்டைத் திருப்பித் தர வேண்டும். "கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். முகம் பூராவும் சிரிப்பு. டாக்டர் பக்கத்தில் இருந்தார். அவரே, "கண்டுபிடிச்சாச்சும்மா" என்றார்.

நான் ஸ்டாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. தலைக்குக் குளித்ததில் ஜலதோஷம்.

அம்சவேணி ஐந்து பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "மணலைக் கரைச்சுக் குடிக்கற மாதிரி இருக்குதுங்க்கா. வயிறு கல்லாட்ட ஆயிருது." போக்கு நிற்கவில்லையாம். ஒழுங்காகக் குடித்தால்தான் தெரியும் என்றேன். திரும்பி வந்த பாக்கெட்டை எண்ணி எழுதிவிட்டுக் கழிவுத் தொட்டியில் போடுவது விதி. எண்ணி எழுதினேன்.

தொட்டிக்குப் போகிறதுதானே. என் கைப்பையில் இருந்தால் யாருக்கு நஷ்டம்.

ஜூலை 20, வியாழன்

இன்று ஒரே தடவை.

ஜூலை 21, வெள்ளி

ஒரே தடவை. சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். மூன்று இட்லி, கடலைச் சட்னி. பெட்ரோல் பங்க் வந்தது, போனது. மண்டபத்து வாட்ச்மேன் கேட்டில் நின்றிருந்தார். பஸ்ஸிலிருந்து பார்த்தபோது அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 24, திங்கள்

அம்சவேணி நான்கு பாக்கெட் திருப்பித் தந்தாள். இந்த முறை எண்ணி எழுதவில்லை. படிவத்தில் "முழுவதும் குடித்தார்" என்று போட்டேன். ஐந்து, நான்கு என்று எழுதிக்கொண்டே போனால் டாக்டர் அவளைப் படிப்பிலிருந்து எடுத்துவிடுவார், பாவம் அவளுக்கும் வாய்ப்புப் போய்விடும். இப்படித்தான் அப்போது நினைத்தேன்.

எனக்கு ஒரு நாளைக்கு அரைப் பாக்கெட் போதுமாக இருக்கிறது.

ஜூலை 31, திங்கள்

அம்சவேணிக்கு எடை இன்னும் ஒரு கிலோ இறங்கியிருக்கிறது. "சாயங்காலமானா காச்சல் அடிக்குதுங்க்கா. மில்லுல தூசின்னு நெனச்சேன்" என்றாள். படிவத்தில் காய்ச்சலுக்குக் கட்டம் இல்லை. வயிற்று உப்புசம், மலச்சிக்கல், வாந்தி, இந்த மூன்றுக்குத்தான் கட்டம். உப்புசத்தில் டிக் அடித்தேன்.

தினமும் சாயங்காலம் காய்ச்சல், எடை இறக்கம், நாள்பட்ட போக்கு. லேப் டெக்னீசியன் படிப்பில் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். நான் டாக்டர் இல்லை.

மூன்று பாக்கெட்.

ஆகஸ்ட் 7, திங்கள்

வீட்டுக்காரர் காலையில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன, இப்பெல்லாம் பாத்ரூம் கதவு சும்மாவே கெடக்குது?" என்றார். மனசை லேசாக வைத்துக்கொண்டேன் என்றேன். "அதத்தான ஆறு வருசமா சொல்லிட்டிருந்தேன்" என்றார். தோசைக்கல்லைத் தூக்கி எறிந்திருப்பேன், ஆனால் சூடாக இருந்தது.

இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். அம்சவேணியை நிறுத்திய அதே மெஷினில் நானும் ஏறிப் பார்த்தேன். அவள் முப்பத்தெட்டு கிலோ.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஜெரோம் மதியம் என் மேஜைக்கு வந்து நின்றார். "அக்கா, பி-22 பவுடர் முழுசும் குடிக்கிறாங்க, ஒரு மாற்றமும் இல்ல. எடை வேற குறையுது. அன்னைக்கு லேபிள் மாறினது உங்களுக்கு நிச்சயம்தானே?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். நல்ல மனுஷர்.

"நிச்சயம்தான்" என்றேன். அவர் போன பிறகும் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

அம்சவேணி தன் புருஷனோடு வந்தாள். லோகநாதன், தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் உரிக்கிறவர். அவர் வெளியே நின்றார். அவள் படுத்துக்கொண்டு சேலையை விலக்கி, "இங்க பாருங்க்கா, பந்து மாதிரி உருண்டுட்டுப் போகுது, போறப்ப உசுரு போற மாதிரி வலிக்குது, அப்பறம் கடகடன்னு சத்தம் கேட்டு அடங்கிருது" என்றாள். என் கண்ணெதிரில் உருண்டது. குடல் எங்கோ சுருங்கிக் கிடக்கிறது, முட்டி மோதித் தள்ளுகிறது. அதன் மேல் இந்தப் பவுடரை வேறு கொண்டுபோய்க் கெட்டியாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்டர் அறை பத்தடி தூரம். என்-14 நான்தான், லேபிள் மாறவில்லை, இவளுக்குப் பித்தம் இல்லை, உடனே குழாய் விட்டுப் பாருங்கள். நாலு வாக்கியம். மனசுக்குள் வரிசைகூடப் போட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிறு என் அண்ணன் மகள் கல்யாணம். சொன்னால் விசாரணை, கேள்வி, ரிஜிஸ்டரைத் திறப்பது என்று இந்த வாரமே ஓடிவிடும். கல்யாணம் முடியட்டும், திங்கட்கிழமை முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்.

"ரெண்டு நாள் பவுடரை நிறுத்திப் பாரு" என்று மட்டும் சொன்னேன். "நிறுத்திரவா? டாக்டர் திட்ட மாட்டாருங்களா?" என்றாள். "திட்டமாட்டார், மிச்சத்தை எங்கிட்டக் குடு." ஆறு பாக்கெட் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கல்யாணம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பந்தியில் நடுவில் உட்கார்ந்தேன், கதவோரம் இல்லை. நெய் விட்ட பருப்பு, அவியல், வடை, இரண்டு தடவை பாயசம். அண்ணி, "வாணி இப்பத்தான் ஆளா ஆயிருக்கா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைத்து என்ன பயன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

அம்சவேணி வரவில்லை.

பதினோரு மணிக்கு ஜெரோம் வந்து சொன்னார். சனிக்கிழமை சாயங்காலமே எமர்ஜென்சியில் கொண்டுவந்திருக்கிறார்கள். வயிறு வீங்கி, பச்சைப் பச்சையாக வாந்தி. நேற்றுக் காலை ஆபரேஷன். குடல் அடைத்து, ஓரிடத்தில் கிழிந்துவிட்டதாம்.

நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை, சரியாக அந்த நேரம்.

ஆகஸ்ட் 23, புதன்

பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். ஐ.சி.யூ. வாசலில் லோகநாதன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்கதானுங்க்கா அவளுக்கு ஆறுதலா இருந்தீங்க. உங்களப் பத்தியே பேசுவா" என்றார். லேபுக்குத் திரும்பி வந்து டெஸ்ட் டியூப் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பயாப்ஸி வந்துவிட்டது. குடல் காசநோய். ஜூலையிலேயே குழாய் விட்டுப் பார்த்திருந்தால் மாத்திரையில் முடிந்திருக்கக் கூடியது.

டாக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என்-14 யார், படிவத்தில் என்ன எழுதினேன், பாக்கெட்டுகளை என்ன செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க வயிறு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். டாக்டர் இல்லையா, முதலில் அதுதான் வருகிறது. நன்றாக இருக்கிறது என்றேன்.

"அப்ப விடுங்க வாணி. டி.பி. நாம கொடுத்ததில்ல. நம்ம கிட்ட வர்றதுக்கு முன்னாடியே அந்தம்மாவுக்கு இருந்தது. பவுடர் குடிக்காட்டியும் என்னைக்காவது அடைச்சிருக்கும்."

"ஜூலையிலயே தெரிஞ்சிருக்கும் சார்."

"ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பியாச்சு. பி-22-ஐ எடுத்துருவோம், என்-14-ஐயும் எடுத்துருவோம், மிச்சம் அப்படியே நிக்கும். ஆறு வருஷமா நீங்க நார்மல் இல்லன்னு இப்ப எழுதினா, உங்களை வச்சு செட் பண்ணின எல்லாத்தையும் ஜர்னல்காரன் கேள்வி கேப்பான். யாருக்கு என்ன லாபம்?"

அவரும் லேபிள் விஷயத்தைச் சரிபார்த்திருக்கலாம். சர்க்கரை டெஸ்ட்டை ஜெரோம் எடுத்துச் சொன்னபோது தண்ணீர் குடித்தார். அதைச் சொல்லிக் காட்ட நான் யார்? எழுதிக் கொண்டுபோன கடிதத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நான் கதவை மூடுவதற்குள் அதன் மேல் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார்.

வெளியே ஜெரோம் நின்றிருந்தார். அவருக்கு ஒரு நகல் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 30, புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். லோகநாதன் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். அம்சவேணி விழித்துத்தான் இருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "வாங்க்கா" என்றாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் நின்றுகொண்டே சொன்னேன். வரைபடம், அமிலம் என்றெல்லாம் சொல்லவில்லை. உன் டெஸ்ட் சரியாக வந்தது, என் டெஸ்ட்டும் சரியாக வந்தது, எனக்கு நோய் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று என் நோயை உன் பெயரில் எழுதவிட்டேன். நீ திருப்பிக் கொடுத்த பவுடரை நான் குடித்தேன். இவ்வளவுதான்.

அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க எத்தன தடவ போவீங்க?" என்று கேட்டாள்.

"ஏழு. சில நாள் எட்டு."

"அதைச் சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சா?"

"ஆமா."

"நான் சொன்னனே" என்றாள். "அந்த ரூம்புல அத்தன பேரு இருந்தாங்க. நெறம் கேட்டீங்க, நாத்தம் கேட்டீங்க, துணியில போயிருமான்னு கேட்டீங்க. ஆம்பளைங்க முன்னால எல்லாத்துக்கும் பதில் சொன்னனே."

கேட்டது நான்தான், பதிலை எழுதிக்கொண்டதும் நான்தான்.

"இப்ப உங்களுக்கு நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் போர்வையை விலக்கினாள். வயிற்றில் குடலை வெளியே எடுத்து வைத்து, அதன் மேல் ஒரு பை ஒட்டியிருந்தார்கள். பை நிறைந்து கனத்துத் தொங்கியது. "நர்சு வர நேரமாகும். இத எடுத்து ஊத்துங்க" என்றாள்.

பதினைந்து வருஷமாக இதே சமாச்சாரத்தைத்தான் கையுறை போட்டு, டப்பாவில் அடைத்து, எண் ஒட்டிக் கையாண்டிருக்கிறேன். இன்று பக்கத்தில் கையுறை இல்லை. பேசினில் ஊற்றினேன். பச்சையும் மஞ்சளுமாக, வெறும் பித்தம். பையின் ஓரம் ஒழுகி, சுற்றியிருந்த தோல் வெந்து தோலுரிந்து சிவந்திருந்தது. உள்ளே சுவர் தாங்குகிறதை வெளியே தோல் தாங்காது. தண்ணீர் பட்டதும் அவள் பல்லைக் கடித்தாள்.

புதுப் பையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க" என்றாள். "அவரு வேலைக்குப் போவோணும்."

ஆகஸ்ட் 31, வியாழன்

ஏழு மணிக்குப் போனேன். ஊற்றி, கழுவி, களிம்பு பூசினேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். காசநோய் மருந்து முடிந்த பிறகுதான் குடலை மறுபடி உள்ளே வைப்பார்களாம்.

எல்லாம் முடித்துக் கை கழுவிவிட்டு, நாளைக்கும் வரவா என்று கேட்டேன்.

"ஒம்பது மாசம் இருக்குதுங்க்கா" என்றாள்.